சாவில் ஏடு கட்டுவதில்லை

1

ஒரு புத்தகத்தை வாசித்து முடிக்க எனக்கு ஒரு வருடமும் நான்கு மாதமும் சென்றது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இலங்கையில், களுவாஞ்சிக்குடிப் பக்கத்து வட்டையில் எனக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயலை ஆள் வைத்தும் நானே இறங்கியும் நாற்பது போகத்துக்கு மேல் செய்தவள். நெல்லைக் கையில் அள்ளினால் அது எத்தனை நாள் காய வேண்டும் என்று சொல்வேன். எழுத்து மட்டும் என்னோடு பழக நாள் எடுத்தது.

நோர்வேயில் மகளோடு இருக்க வந்து ஒன்பது வருடம். கடல் மலைக்குள் புகுந்து நிற்கிற ஒரு சின்னப் பட்டினம். அதன் நூலகத்தில் மூலையில் ஒரு தட்டு முழுக்கத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது. போன கிழமை அங்கிருந்து மகளின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் எடுத்த புத்தகத்துக்கு இனித் தவணை நீட்ட முடியாதாம், கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம்.

கொண்டு போனேன். அங்கே ஒரு இயந்திரம். புத்தகத்தை அதன் வாயில் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டது. அங்கே வேலை செய்யும் பெண் சுவருக்குப் பின்னால் போய், அதே புத்தகத்தை ஒரு தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து, இப்போது நீங்கள் புதிதாக எடுக்கலாம் என்று கையால் காட்டினாள். சட்டப்படி அது ஒரு தரம் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வர வேண்டுமாம். போய் வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "தக்" என்றேன். நன்றி என்பதற்கு இந்த ஊர்ச் சொல். எனக்கு நன்றாக வாயில் வருகிற ஒரே சொல்லும் அதுதான்.

"அதான் வாசிச்சு முடிச்சிட்டீங்களே அம்மா, மறுகா என்னத்துக்குத் திரும்பவும் எடுத்தீங்க?" என்று மகள் கேட்டாள்.

"வேலை இரிக்கி" என்றேன். அந்தப் பதில் எனக்கே போதாது போல இருந்தது. அதனால்தான் இதை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். பிழைகளை மகள் திருத்துவாள். கருத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

2

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் யாராவது வாசித்தால் அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் அம்மன் கோயிலில் சடங்குக் காலத்தில் ஏடு படிப்பார்கள். ஒருவர் பாட்டை இழுத்து இராகமாய்ப் படிப்பார். பக்கத்தில் இருக்கிற மற்றவர் அதன் கருத்தை எல்லாருக்கும் விளங்கும்படி சொல்வார். அதைப் பயன் சொல்லுதல் என்போம். பெண்கள் நாங்கள் ஒரு பக்கமாய் இருந்து கேட்போம். எனக்குக் கதை என்று தெரிந்ததெல்லாம் அப்படிக் காதால் வந்ததுதான்.

அதில் எங்கள் ஊரில் ஒரு கட்டு இருந்தது. அன்றைய படிப்பை நிறுத்தும்போது, கதையில் யாரும் செத்துக் கிடக்கிற இடத்தில் நிறுத்தக் கூடாது. நல்ல இடம் பார்த்துத்தான் ஏட்டை மூடிக் கட்ட வேண்டும். அப்படி ஒரு இடம் கிட்டாவிட்டால், கதையின் முதல் பாட்டுக்குத் திரும்பிப் போய் அதைப் படித்துவிட்டுத்தான் கட்டலாம்.

ஒரு வருடம் பின்னேரப் படிப்பின்போது மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. பந்தல் கிடுகு ஒவ்வொன்றாய்ப் பறக்கிறது, தண்ணீர் முழங்கால் அளவு வந்துவிட்டது. கதையிலோ அந்த நேரம் பார்த்து ஒருவன் செத்துக் கிடக்கிறான். படிக்கிற ஐயா ஏட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தையும் விடாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்துப் படிக்கிறார். பின்னால் நின்ற ஒருவர் பொறுக்க முடியாமல் கத்தினார்:

"ஐயா, கெதியா அந்தாள எழுப்பு! என்ட மாடு தண்ணில போகுது!"

சனம் அந்த வெள்ளத்துக்குள்ளும் சிரித்தது. ஆனால் ஒருவரும் அந்த இடத்தில் ஏட்டைக் கட்டச் சொல்லவில்லை. மாட்டுக்காரரும் சொல்லவில்லை. செத்தவன் எழும்பும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் மாட்டைத் தேடிப் போனார். மாடு கோயில் வீதியில் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அந்த ஆளை நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. உயிரோடு இருக்கிற மாட்டை விட, யாரோ எழுதி வைத்த ஒரு சாவு அவரை எப்படிப் பிடித்து நிறுத்தியது?

3

என் மகள் இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஒருநாள் வந்து சொன்னாள், மட்டக்களப்பு டவுனில் இருந்து ஒரு ரீச்சர் அம்மா வந்திருக்கிறார், ஒருவரோடும் கதைக்கிறாரில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று. எனக்குப் போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இரக்கத்தால் என்று சொன்னால் பொய். டவுன்காரர் ஒருவர் சுவரில் அப்படி என்னத்தைப் பார்க்கிறார் என்று அறிய ஆசை.

அவர் பெயர் கிரேஸ். மெதடிஸ்தக் குடும்பம். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். வயது என்னை விட ஏழெட்டுக் கூட. அவருடைய மகள் இவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டு பிறகு வேலை மாற்றலாகி ஒஸ்லோவுக்குப் போய்விட்டாள், மாதம் ஒரு தரம் வருவாள். ரீச்சருக்குக் கண் போய்விட்டது. முழுக்க இல்லை. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் நிற்குமாம், ஓரம் மட்டும் தெரியுமாம்.

"எவ்விடம் நீ?" என்றார்.

"களுவாஞ்சிக்குடிப் பக்கம் ரீச்சர். பூமணி."

"வாசிப்பியா?"

"எழுத்துக் கூட்டுவன்."

"கூட்டு அப்ப. எனக்கு நேரம் நிறைய இரிக்கி."

அடுத்த வியாழன் நூலகத்தின் தமிழ்த் தட்டில் இருந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனேன். எப்படித் தெரிந்தெடுத்தேன் என்று கேட்டால், எழுத்துப் பெரிது, அவ்வளவுதான். பெயர் போட்ட முதல் தாள் கிழிந்து போய், நூலகத்தார் வேறு தடித்த அட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். எழுதியவர் யார் என்று எனக்கும் தெரியாது, ரீச்சருக்கும் தெரியவில்லை. அதனால் நாங்கள் அவரை 'அந்த மனுசன்' என்றே சொல்லி வந்தோம்.

எனக்குப் படிப்பென்றால் கோயிலில் கேட்ட மாதிரிதான் தெரியும். தொண்டையைச் செருமி, முதல் வரியை இழுத்தேன். ரீச்சர் கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. இது நாவல் புள்ள, கோயில் ஏடு இல்ல. கதைக்கிற மாதிரி வாசி."

"கதைக்கிற மாதிரி வாசிச்சா எழுத்து எனக்கு முன்னால ஓடுது ரீச்சர். இழுத்தாத்தான் பிடிபடுது."

கொஞ்சம் யோசித்தார். "சரி, இழு" என்றார்.

நான் இழுத்து, தடக்கி, நின்று, திரும்பவும் தொடங்கி வாசிப்பேன். விளங்காத சொல்லுக்கு ரீச்சர் கருத்துச் சொல்வார். எழுத்து என்னிடம், கருத்து அவரிடம். இங்கர் என்ற தாதிப் பெண் இதைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, நாங்கள் பிரார்த்தனை செய்கிறோம் என்று நினைத்துவிட்டாள். வியாழன் பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் ஒருவரையும் சத்தம் போட விடமாட்டாள். என் மகள் திருத்திச் சொல்லப் போக, ரீச்சர் தடுத்துவிட்டார்.

"விடு மகள். சத்தமில்லாம இரிக்கட்டும்."

4

கதை இதுதான். முத்தையன் என்று ஒரு கிணறு வெட்டுகிறவன். மழை காணாத ஒரு ஊருக்கு வருகிறான். அந்த ஊர்ச் சனம் மாட்டு வண்டி கட்டி எட்டு மைல் போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள். முத்தையன் முதல் கிணறு வெட்டுகிறான், தண்ணீர் இல்லை. இரண்டாவது வெட்டுகிறான், பாறை. மூன்றாவது வெட்டும்போது பெண்சாதி காய்ச்சலில் போய்விடுகிறாள். பிள்ளைகள் இவனை விட்டுவிட்டுப் பட்டணம் போகிறார்கள். இவன் நான்காவதைத் தொடங்குகிறான்.

ஆறாவது கிணறும் காய்ந்து போனபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரீச்சர், ஒரு குடம் தண்ணி குடுத்தா அந்த மனுசனுக்கு என்ன குறைஞ்சு போயிரும்? எழுத்துத்தானே! பேனையாலதானே குடுக்கிற!"

ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரை அறிந்த பிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

"உனக்கு வயல்ல தண்ணி கேட்ட நேரமெல்லாம் வந்ததா பூமணி?"

அதை நான் பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்.

எங்கள் வாவி கடலோடு சேர்கிற முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறினால் அதை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயல் தாழும். ஆனால் நினைத்தபடி வெட்ட முடியாது, அரசாங்கக் கந்தோரில் அனுமதி வேண்டும். வெட்டினால் மீன் போய்விடும் என்று வாவியில் வலை போடுகிறவர்கள் ஒரு பக்கம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு வருடம் என் வெள்ளாமை, கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில் தண்ணீருக்குள் நின்றது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போனார். கையெழுத்துப் போட வேண்டியவர் கொழும்புக்குப் போயிருந்தார். பத்தாம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. அதற்கு முதல் நாள் கடலே மண்ணை உடைத்துக்கொண்டு வாயைத் திறந்துவிட்டிருந்தது. பயிர் அதற்கும் முந்தியே அழுகிப் போயிற்று.

அவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போய், வரம்பில் நின்று பார்த்தார். கடலுக்கு எங்களைத் தெரியாது. கந்தோருக்கும் தெரியாது. அடுத்த போகத்துக்கு விதைநெல் கேட்க அவர் யார் வீட்டுக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டார். நானும் ஒரு பெயர் சொன்னேன். ஏன் மறுபடி விதைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. அப்போது கேட்காமல் விட்டதை இந்த வயதில், இந்த நாட்டில், முத்தையனைப் பார்த்துத்தான் கேட்கத் தோன்றுகிறது: நீ என்ன கண்டு திரும்பவும் கடப்பாரையை எடுக்கிறாய்?

என் பேத்தி நிலா வேறு நகரத்தில் பல்கலைக்கழகம் போகிறாள். ஞாயிறு ஞாயிறு திரையில் முகம் காட்டுவாள். முதல் இரண்டு வசனம் தமிழ், பிறகு நோர்வே மொழி, மகள் இடையில் இருந்து சொல்லுவாள். அவளிடம் கதையைச் சொன்னேன்.

"சோகமா இருந்தா மூடி வைங்க அம்மம்மா. வேற புத்தகம் எடுங்க" என்றாள்.

நல்ல பிள்ளை. அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் மாட்டுக்காரரை அவளுக்கு எந்த மொழியில் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை.

5

எட்டாவது கிணறு நடந்துகொண்டிருந்தபோது ரீச்சருக்கு ஊர்க் கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் ஒஸ்லோவில் இருந்து அனுப்பி வைத்திருந்தாள். அம்மாவே முடிவெடுக்கட்டும் என்று ஒரு துண்டும் சேர்த்து எழுதியிருந்தாள்.

ரீச்சருக்கு ஒரு மகனும் இருந்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரஞ்சன். இருபத்தொரு வயதில், வாழைச்சேனையில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் காலையில் பஸ் ஏறிப் போனவன். சண்டை நடந்த பொல்லாத காலம். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் சேரவில்லை. வழியில் இறக்கினார்கள் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். ரீச்சர் ஏறாத படியில்லை. கொடுக்காத படம் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாயிற்று.

"வாசி" என்றார்.

நான் எழுத்துக் கூட்டினேன். கதைப் புத்தகத்தை விட இது கடினம். ஒவ்வொரு சொல்லும் மாட்டு வண்டில் நீளம். கருத்து இவ்வளவுதான்: காணாமற்போனவரின் கோப்பை முடிவுறுத்த வேண்டும். அவரை இறந்தவராகப் பதிய உறவினர் சம்மதித்துக் கையொப்பம் இட வேண்டும். மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.

கீழே நிரப்ப வேண்டிய கூடுகள். பெயர். பிறந்த திகதி. கடைசியாகக் கண்ட இடம். அதற்கடுத்த கூட்டில் நான் நின்றுவிட்டேன். திரும்பவும் கூட்டினேன். பிழையாய் வாசிக்கிறேனாக்கும் என்று மூன்றாம் தரமும் கூட்டினேன்.

"என்ன புள்ள?"

"காணாமற்போனவரின்... தற்போதைய... முகவரி."

ரீச்சர் முகத்தை என் பக்கம் திருப்பினார். பிறகு, "அதுக்குக் கீழ?" என்றார்.

"இறந்த திகதி."

"ரெண்டையும் ஒரே தாளில கேக்காங்களா?"

"ஓம் ரீச்சர். ஒண்டுக்குக் கீழ ஒண்டு."

அவர் தாளை வாங்கி முகத்துக்குப் பக்கமாய்ச் சாய்த்துப் பிடித்தார். கண்ணின் ஓரத்தால் பார்க்கிறார். வெள்ளை மட்டும்தான் தெரிந்திருக்கும். அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"எனக்குக் களைச்சுப் போச்சு பூமணி. கையெழுத்தப் போட்டு அனுப்பினா அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அந்த முத்தையன்ட கதை முடியட்டும். அவன் என்ன செய்யிறான் எண்டு பாத்திட்டு, மறுகா இதப் பாப்பம்."

அன்றைக்கு அவர் கோப்பியும் குடிக்கவில்லை, வியாழன்தோறும் தருகிற வாஃபிள் அப்பத்தையும் தொடவில்லை. என் மகளிடம் கேட்டேன். நாலைந்து நாளாகவே சாப்பாடு குறைவு என்றாள்.

6

கடைசி வியாழனுக்கு முன் பனி கொட்டிப் பஸ் ஓடாத ஒரு நாள் வந்தது. ஜன்னலடியில் இருந்து, மிச்சம் இருந்த நாலு பக்கத்தை நானே தனியக் கூட்டி வாசித்தேன். காலையில் தொடங்கிப் பின்னேரமாயிற்று.

ஒன்பதாவது கிணறும் காய்ந்தது. முத்தையன் அதற்குள்ளேயே இருந்து செத்துப் போகிறான். காலையில் சனம் பார்க்கிறது, தூக்குகிறது, புதைக்கிறது. அடுத்த வசனம்: வண்டி வழமை போல எட்டு மைல் தூரம் தண்ணீருக்குப் போனது. அதோடு புத்தகம் முடிந்தது. பின்னால் வெறுந்தாள்.

தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அந்த மனுசனில் எனக்கு வந்த ஆத்திரம்! ஒரு வருடத்துக்கு மேல் கூட்டிக்கொண்டு வந்து, கடைசியில் வண்டியையா அனுப்புகிறாய்? இதைக் கேட்டால் ரீச்சர் என்ன செய்வார்? தலையணைக்குக் கீழே இருக்கிற தாளை எடுப்பார். என் கையைப் பிடித்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டு என்பார்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். எழுத்து என்னிடம்தானே இருக்கிறது.

வியாழன் போனேன். ரீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கதிரையில் இருந்தார். தொண்டையைச் செருமினேன். ஒன்பதாவது கிணறு. முத்தையன் பாரையைப் போடுகிறான். மண் குளிர்கிறது. அள்ளிப் பார்க்கிறான், ஈரம். இன்னும் ஒரு முழம். ஒரு பக்கத்தால் ஊற்று உடைத்துக்கொண்டு வருகிறது. ஊர்ச் சனம் குடத்தோடு ஓடி வருகிறது. வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து விடுகிறான்.

எனக்கே நன்றாக இருந்தது. வாசித்து முடித்து, ரீச்சரின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்ல முடிவு" என்றார். "ஆர் எழுதினது?"

"அந்த மனுசன்தான்."

"இல்ல. அது உன்ட வசனம்."

"என்ன ரீச்சர் சொல்றீங்க?"

"நீ எங்கயும் தடக்குப்படல்ல. 'ஊற்று' எண்டு வந்தா நீ ரெண்டு தரம் நிண்டிரிக்கணும். 'அவிழ்த்து' எண்டு வந்தா தண்ணி குடிச்சிட்டுத்தான் தொடங்குவாய். ஒரு வருசமா உன்ட தடக்கலத்தானே புள்ள நான் கேட்டுக்கொண்டிரிக்கன். இண்டைக்கு வாய்க்கால்ல தண்ணி போறமாதிரிப் போகுது."

எனக்கு முகம் சுட்டது.

"எனக்குத் தெரியாத திகதியொண்ட எழுதச் சொல்லிக் கந்தோர் கேக்குது. நீ எனக்கு இல்லாத தண்ணியக் கொண்டந்து தாறாய். ரெண்டும் ஒண்டுதான் பூமணி. கண்ணில்லாதவளுக்கு என்னத்தையும் வாசிக்கலாம் எண்டு நினைச்சிட்டீங்க எல்லாரும்."

நான் பெருமைக்காரி. ஒருவர் என்னை அப்படிச் சொல்லி நான் கேட்டுக்கொண்டு இருந்ததில்லை. ஜாக்கெட்டைப் போட்டேன், பனியில் வழுக்காத ஆணி வைத்த சப்பாத்தைப் போட்டேன், புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று வழியெல்லாம் மனதுக்குள் வழக்குப் பேசினேன். வழக்கில் நான்தான் வென்றேன். ஆனால் வென்ற மாதிரி இல்லை.

வெள்ளத்தில் ஏட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஐயாவை நினைத்தேன். ஒரு பாட்டை மாற்றிப் படித்திருந்தால் அவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊரில் ஒருவருக்கும் தெரிந்திராது. மாடும் தப்பியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அவர் ஒரு எழுத்தையும் விடவில்லை.

பஸ் வந்தது. சாரதி கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "தக்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். நன்றி சொல்லிவிட்டு ஏறாமல் போகிற கிழவியை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்.

7

ரீச்சர் இருந்த மாதிரியே இருந்தார். நான் ஜாக்கெட்டையும் கழற்றவில்லை. இருநூற்று ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து, தடக்கித் தடக்கி உள்ளதை உள்ளபடி வாசித்தேன். அவன் செத்த இடமும் வந்தது. அதையும் தடக்கலோடு தடக்கலாய்த் தாண்டினேன். வண்டி எட்டு மைல் போனது வரைக்கும் வாசித்தேன்.

இங்கர் கதவடிக்கு வந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"மூடு அப்ப."

"ஏலாது ரீச்சர்."

"ஏன்?"

கோயில் கட்டைச் சொன்னேன். மழையைச் சொன்னேன், மாட்டைச் சொன்னேன். ரீச்சரின் கை பக்கத்துக் கட்டிலின் தலையணைப் பக்கம் போயிருந்தது. அது நின்றது.

"அது உங்கட கோயில் ஏட்டுக்கு. நான் வேதக்காரி. இது நாவல்."

"செத்தவன் செத்தவன்தானே ரீச்சர். கோயிலில செத்தா என்ன, நாவலில செத்தா என்ன. சாவில ஏடு கட்ட ஏலாது. என்ட கையால கட்டமாட்டன்."

புத்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தேன். முத்தையன் தோளில் பாரையோடு அந்த ஊருக்குள் வருகிறான். முதல் வீட்டில் தண்ணீர் கேட்கிறான். ஒரு பெண் அரைச் செம்பு தண்ணீர் கொடுத்து, பார்த்துக் குடி, எட்டு மைல் தண்ணீர் என்கிறாள். அவன் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கேட்கிறான்: எங்கே வெட்டலாம்?

"இதுவும் தடக்காமப் போகுதே" என்றார் ரீச்சர். "இது ஆர்ட வசனம்?"

"அந்த மனுசன்டதான். இது பொய்யில்ல ரீச்சர், பழக்கம்."

"வந்திட்டானா?"

"வந்திட்டான். பாரையும் புதிசா இரிக்கி."

ரீச்சர் பிறகு தலையணைக்குக் கீழே இருந்த தாளை எடுத்து நீட்டினார். 

"பேனை வைச்சிருக்கியா? எழுது. தெரிஞ்சத எழுது, தெரியாதத விடு."

பெயர் எழுதினேன். பிறந்த திகதி அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியாகக் கண்ட இடம்: வீட்டு வாசற் படலை. இறந்த திகதி என்ற கூட்டுக்கு வந்தபோது ஒரு கோடு போடட்டுமா என்று கேட்டேன்.

"போடாத. கோடு போட்டாலும் அது ஒரு பதில்தான். வெறுமையா விடு. சம்மதம் எண்டு ஒரு சொல் இரிக்குமே, அத வெட்டு. நல்லா வெட்டு."

நல்லா வெட்டினேன். தாள் கிழியப் பார்த்தது.

"தற்போதைய முகவரி மிச்சம் கிடக்குது ரீச்சர். அதையும் வெறுமையா விடவா?"

"அத ஏன் விடுவான்? அது எனக்குத் தெரியுமே" என்றார். "இந்த அறை நம்பர எழுது. பதினெட்டு. மறுகா வீதிட பேர், ஊர்ட பேர், நாட்ட பேர். ஒண்டையும் விடாத. கூட்டுக்குள்ள இடம் காணாட்டி வெளியால எழுது."

கூட்டில் இடம் போதவில்லை. என் எழுத்துப் பெரிது. கூட்டைத் தாண்டி, இறந்த திகதிக்கென்று விட்டிருந்த வெறும் இடத்துக்குள்ளும் இறங்கி, அந்த முகவரி அதை முழுக்க மூடிக்கொண்டது. ரீச்சரிடம் சொன்னேன். "நல்லம்" என்றார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். போட்டார். பிறகு ஆறிப் போன வாஃபிளை எடுத்து, ஓரத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிய்த்து முழுவதையும் சாப்பிட்டார்.

கடிதத்தை நானே தபால்பெட்டியில் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. நாங்கள் திரும்பவும் தொடங்கிவிட்டோம். முத்தையன் இப்போது இரண்டாவது கிணற்றில், பாறையில் நிற்கிறான். என்ன கண்டு அவன் திரும்பவும் வெட்டுகிறான் என்று போன தரம் எனக்கு விளங்கவில்லை, இந்தத் தரம் பார்க்க வேண்டும். மகளே, நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

ஊரில் இருந்து பதில் வந்தால் அதையும் நான்தான் வாசிப்பேன். அதில் என்ன இருந்தாலும் எழுத்தெழுத்தாய், தடக்கித்தான் வாசிக்க வேண்டும். வேறு மாதிரி வாசித்தால் ரீச்சர் பிடித்துவிடுவார்.